புளிப்பு வேறு, அமிலம் வேறு: சாப்பாட்டு அமிலமும் சிறுநீரகமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரையோ பிரஷரோ உள்ள வீட்டில் "கிட்னியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னதும் முதலில் மாறுவது அடுப்படிதான். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வாட்ஸ்ஆப் வேறொன்று சொல்லும். எங்கள் வீட்டிலும் ஒரு வாரம் புளியை நிறுத்தினோம், அப்புறம்தான் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. அந்தக் குழப்பத்தில் எழுந்த கேள்விகளும், பின்னால் மற்றவர்கள் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. மருந்து மாற்றுவதற்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டரின் வேலை.

சாப்பாட்டில் அமிலம் என்றால் புளி, எலுமிச்சை, தயிர்தானே?

இல்லை. நாக்கில் புளிப்பது ஒரு கணக்கு, உடம்பில் செரித்து முடிந்த பிறகு மிஞ்சுவது இன்னொரு கணக்கு. நாம் இங்கே பேசுவது இரண்டாவதை.

இறைச்சி, மீன், முட்டை, சீஸ், தானியங்கள் ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் இருக்கின்றன. உடம்பு அவற்றை உடைக்கும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸும் அமிலப் பக்கம்தான் சேரும். பழம், காய், கீரையில் பொட்டாசியத்தோடு சிட்ரேட், மாலேட் போன்றவை சேர்ந்திருக்கும். இவை உடம்பில் எரிந்து பைகார்பனேட்டாக மாறி, அமிலத்தைச் சமன் செய்கின்றன.

தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. அமிலத்துக்கு எதிரானதற்கு வேதியியலில் "காரம்" என்று பெயர். மிளகாய்க் காரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. "காரமான உணவு கிட்னிக்கு நல்லது" என்று எங்கேயாவது படித்தால் ஆந்திரா ஊறுகாயை நினைத்துவிடாதீர்கள்.

அப்படியானால் எலுமிச்சை நல்லதா?

எலுமிச்சைச் சாறு குடிக்கும்போது அமிலம். உடம்பில் முடியும்போது லேசாகக் காரம். புளியும் கணக்குப்படி காரப் பக்கம்தான் விழுகிறது, அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால். ஆனால் ரசத்தில் போடுவது ஒரு நெல்லிக்காய் அளவு, அதனால் எந்தப் பக்கமும் பெரிய மாற்றமில்லை. புளியை நிறுத்தி ஒரு லாபமும் இல்லை. இட்லி மாவின் புளிப்பும் தயிரின் புளிப்பும் லாக்டிக் அமிலம். அதை உடம்பு எரித்துவிடும்.

எலுமிச்சை ஜூஸில் நாம் போடும் உப்பைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

எனக்கு அசிடிட்டி இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. நெஞ்செரிச்சல் என்பது வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலே ஏறுவதால் வருவது. இங்கே பேசுவது ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அமிலம். அசிடிட்டிக்காகச் சாப்பிடும் பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் இந்தச் சுமையைக் குறைக்காது. அவற்றை டாக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்குவதற்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிறுநீரகம் பலவீனமானவர்கள் அந்த மாத்திரையைப் பற்றி ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

இந்த அமிலம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது?

உடம்பில் உண்டாகும் அமிலத்தின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போய்விடுகிறது. மிச்சம் நிற்கும் ஒரு சின்னப் பங்கை மூச்சில் விட முடியாது. மேற்கத்திய சாப்பாட்டில் அது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிஈக்விவலன்ட் (அமிலத்தை அளக்கும் அலகு). இதை வெளியேற்றும் வழி சிறுநீரகம் ஒன்றுதான். ரத்தத்தின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்பதற்கு அது இடைவிடாமல் உழைக்கிறது.

அதற்கு அது அம்மோனியாவைத் தயாரித்து, அமிலத்தை அதில் ஏற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இது தினசரி வேலை. வடிகட்டிகளில் பாதி போய்விட்டால்? வேலை அதேதான், ஆட்கள் பாதி. மிச்சம் உள்ள ஒவ்வொரு வடிகட்டியும் கூடுதலாக அம்மோனியா தயாரிக்க வேண்டும். அந்த அம்மோனியா திசுவில் தேங்கி அழற்சியைத் தூண்டுகிறது. கூடவே எண்டோதீலின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் போன்ற ஹார்மோன்களும் ஏறுகின்றன. இவை அமிலத்தை வெளியே தள்ள உடனடியாக உதவும். வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் திசுவைத் தழும்பாக்கும். மாடு இளைத்ததற்காகப் பாரத்தைக் குறைக்காமல் சாட்டையை வீசுவது மாதிரி.

வெளியேற்றியும் தீராத அமிலத்தை எலும்பும் தசையும் வாங்கிக்கொள்கின்றன. எலும்பு சுண்ணாம்பை இழக்கிறது, தசை கரைகிறது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் மெலிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாரெல்லாம் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்?

சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், குடும்பத்தில் சிறுநீரக நோய், ஒரே சிறுநீரகம், நீண்ட நாள் வலி மாத்திரைப் பழக்கம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் கசிவு. இவற்றில் ஏதாவது இருந்தால் யோசிக்கலாம். எதுவுமே இல்லாத ஆரோக்கியமான முப்பது வயதுக்காரருக்கு இது தலைபோகிற விஷயம் இல்லை.

எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு அமிலம் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். 1995இல் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ரெமர், ஃப்ரீட்ரிக் மான்ஸ் இருவரும் ஒரு கணக்கு கொடுத்தார்கள். புரதத்தையும் பாஸ்பரஸையும் கூட்டி, பொட்டாசியம், மக்னீசியம், கால்சியத்தைக் கழித்து வரும் எண். சுருக்கமாக "பிரால்" என்பார்கள். பிளஸ் வந்தால் அமிலச் சுமை, மைனஸ் வந்தால் காரம்.

அவர்கள் பட்டியலில் 100 கிராமுக்குப் பார்மெசான் சீஸ் 34, கோழிக்கறி 8.7, முட்டை 8.2, வேர்க்கடலை 8.3, வெந்த வெள்ளைச் சோறு 1.7, பால் 0.7. மறுபக்கம் உலர்திராட்சை மைனஸ் 21, பசலைக்கீரை மைனஸ் 14, வாழைப்பழம் மைனஸ் 5.5, உருளைக்கிழங்கு மைனஸ் 4, தக்காளி மைனஸ் 3.1.

இதை நம் இலையில் வைத்துப் பார்ப்போம். 300 கிராம் சோறு, 100 கிராம் கோழி, ஒரு முட்டை: கூட்டினால் கிட்டத்தட்ட பிளஸ் 18. கூடவே 100 கிராம் கீரையும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் ஏறக்குறைய சைபருக்கு வந்துவிடுகிறது. கோழியை நிறுத்தியதால் இல்லை, கீரையைச் சேர்த்ததால்தான். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது இதுதான்: "எதை நிறுத்துவது" என்ற கேள்வியை "எதைச் சேர்ப்பது" என்று மாற்றிவிடுகிறது.

கேழ்வரகு ஒரு சுவாரசியமான விதிவிலக்கு. தானியங்கள் பொதுவாக அமிலப் பக்கம். கேழ்வரகில் கால்சியமும் பொட்டாசியமும் அதிகம் என்பதால், இந்திய உணவு அட்டவணை எண்களைப் போட்டுப் பார்த்தால் சுமார் மைனஸ் 6 வருகிறது. ஆனால் அந்தக் கால்சியம் முழுதும் உடம்பில் சேராது, ஆகவே இந்த எண்ணை ரொம்ப நம்பிவிடவும் வேண்டாம்.

இதெல்லாம் கணக்கு. மனிதர்களிடம் பலன் தெரிந்ததா?

தெரிந்திருக்கிறது, சில எச்சரிக்கைகளோடு.

அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த டொனால்ட் வெஸன், நிம்ரித் கொராயா குழு பல வருடமாக இதையே ஆராய்கிறது. 2014இல் வெளியான அவர்களின் ஆய்வில் மூன்றாம் நிலை (ஐந்து நிலைகளில் நடுவில் இருப்பது) சிறுநீரக நோய் உள்ள 108 பேர். ஒரு பிரிவுக்குப் பழமும் காயும், ஒரு பிரிவுக்குச் சோடா மாத்திரை (சோடியம் பைகார்பனேட்), ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மூன்று வருடம் கழித்து, முதல் இரண்டு பிரிவிலும் சிறுநீரகம் மெதுவாகத்தான் இறங்கியது.

2024இல் வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 153 பேர், ஐந்து வருடம். உயர் ரத்த அழுத்தத்தோடு சிறுநீரில் அல்புமின் கசிபவர்கள். ஒரு பிரிவினர் வழக்கமான சாப்பாட்டோடு தினம் 2 முதல் 4 கப் பழம், காய் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சோடியம் பைகார்பனேட். சிறுநீரகத்துக்கு இரண்டுமே உதவின. ஆனால் ரத்த அழுத்தத்தையும் இதய நோய் அபாயத்தையும் குறைத்தது பழமும் காயும் மட்டும். மாத்திரை அதைச் செய்யவில்லை.

மாத்திரைக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. லண்டனில் 134 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போனவர்கள் சோடா சாப்பிட்ட பிரிவில் 6.5 சதவீதம், மற்ற பிரிவில் 33 சதவீதம். அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே பைகார்பனேட் குறைந்திருந்தவர்கள்.

இப்போது எச்சரிக்கை. டெக்சாஸ் ஆய்வுகள் சின்னவை, ஒரே குழுவினர் செய்தவை. பெரும்பாலும் பிரஷரால் சிறுநீரகம் கெட்டவர்கள். சர்க்கரை நோயாளிகளிடம் இதே பலன் இதே அளவில் வரும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2020இல் பிரிட்டனில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த "பைகார்ப்" என்ற ஆய்வில் சோடா மாத்திரையால் உடல் திறன் கூடவில்லை. வெவெரிமர் என்ற புது மருந்தை 1,480 பேரிடம் சோதித்தபோதும் சிறுநீரகச் சரிவு நிற்கவில்லை. 2012இல் சர்வதேச வழிகாட்டுதல் பைகார்பனேட் 22க்குக் கீழே போனால் மாத்திரை கொடுக்கலாம் என்றது, 2024இல் அந்த வழிகாட்டுதலை வகுக்கும் சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. அந்த எல்லையை 18 அருகே இறக்கியது. மாத்திரையின் மீதிருந்த உற்சாகம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, காய்கறியின் மீது இறங்கவில்லை. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

நான் சுத்த சைவம். எனக்கு இந்தக் கவலை வேண்டாம்தானே?

அசைவக்காரரை விடச் சுமை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் காலையில் இட்லி, மதியம் குவித்த சோறும் சாம்பாரும், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி என்று ஓடுகிற சைவத்தில் காய் எங்கே? சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டைக் கணக்கில் எடுக்க முடியாது. பொரியல் ஒரு கரண்டி, கீரை வாரத்துக்கு ஒரு நாள் என்றால் தானியத்தின் அமிலம்தான் மேலோங்கும்.

அப்போ நாளையிலிருந்தே கீரையும் இளநீரும் ஆரம்பிக்கலாமா?

நில்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காரத்தைக் கொடுக்கும் அதே காய் பழங்கள்தான் பொட்டாசியத்தையும் கொடுக்கின்றன. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை கூடுதல் பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். அது பலவீனமானால் ரத்தத்தில் தேங்கும். அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். அதற்கு முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது.

டெக்சாஸ் ஆய்வுகளில் நான்காம் நிலை நோயாளிகளுக்கும் பழம், காய் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பொட்டாசியம் ஏறும் அபாயம் குறைந்தவர்களாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள், தொடர்ந்து ரத்தம் சோதித்தார்கள். செய்தியாக வரும்போது இந்த வரி காணாமல் போய்விடுகிறது.

டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. பிரஷருக்கு இவற்றில் ஒன்றைச் சாப்பிடாதவர் நம் ஊரில் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஏறும் போக்கு இன்னும் அதிகம். ஆகவே முதலில் பொட்டாசியம் டெஸ்ட், அப்புறம் கீரை. வழக்கமான அளவு 3.5 முதல் 5 வரை. அதன் மேல் விளிம்பிலேயே நிற்பவர் டாக்டரையோ உணவு ஆலோசகரையோ கேட்காமல் எதையும் கூட்ட வேண்டாம்.

இளநீரில் 100 மில்லிக்கு சுமார் 250 மி.கி. பொட்டாசியம். ஒரு பெரிய இளநீரைக் குடித்தால் ஒரே மூச்சில் 700, 800 மி.கி. உள்ளே போகலாம். வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரக நோயாளிக்கு இதைவிடக் கெட்ட உபசரிப்பு கிடையாது. ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீரோடு வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"லோ சோடியம்" உப்பும் இதே ஆபத்துதான். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. அமிலத்தைச் சமன் செய்யவும் அது உதவாது, குளோரைடு பைகார்பனேட்டாக மாறாது. பொட்டாசியம் மட்டும் ஏறும்.

பொட்டாசியத்தைக் குறைத்துக் காய் சாப்பிட வழி இருக்கிறதா?

இருக்கிறது. சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்குகளுக்கு இரண்டு முறை. காய் வேகவைத்த தண்ணீரை ரசத்தில் விடும் நல்ல பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய ஆளுக்கு மட்டும் அது கூடாது. குக்கரில் அரை டம்ளர் தண்ணீரோடு வேகவைத்தால் பொட்டாசியம் காயிலேயே நின்றுவிடும். ஆனால் வடிக்கும்போது காரம் தரும் சத்தும் கொஞ்சம் சேர்ந்து போகும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருக்கும் சமையல் சோடாவைக் கரைத்துக் குடித்தால் போதாதா?

டாக்டர் கொடுப்பதும் அதே சோடியம் பைகார்பனேட்தான். ஆனால் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் சோடியம் சுமார் 137 மி.கி. ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் 1,200 மி.கி.க்கு மேல். நாள் முழுதும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையே 2,000தான். கால் வீக்கம், பிரஷர், இதயப் பலவீனம் உள்ளவருக்கு இது விளையாட்டில்லை. எவ்வளவு குடித்தோம் என்று தெரியாமல் குடித்தால் ரத்தம் காரப் பக்கம் போய்விடும் ஆபத்தும் உண்டு.

ஆல்கலைன் தண்ணீர்?

பணம் இருந்தால் குடிக்கலாம். அந்தப் பணத்தில் கத்திரிக்காயும் புடலங்காயும் வாங்குவது எனக்கு உத்தமமாகத் தெரிகிறது.

கோலா குடிப்பது?

கோலாவில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். பிரால் கணக்கில் அதன் எண் சின்னதுதான், சர்க்கரையும் பாஸ்பேட்டும்தான் கவலை. தினம் இரண்டோ அதற்கு மேலோ கோலா குடிப்பவர்களிடம் நாள்பட்ட சிறுநீரக நோய் அதிகம் தென்பட்டதாக 2007இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. கோலாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இருந்தாலும் தினப் பழக்கமாக வைத்துக்கொள்ள ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

"கிட்னியைச் சுத்தம் செய்யும்" பச்சை ஜூஸ்கள்?

அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கீரையையும் காயையும் சாறாக்கினால் ஒரு நாளில் தின்ன முடியாத அளவை ஒரு டம்ளரில் குடித்துவிடுகிறோம். பொட்டாசியத்தோடு, சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் குவியும். கேரளத்தில் இரும்பன்புளிச் சாறு குடித்து, சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்து, திடீர்ச் செயலிழப்புக்கு ஆளானவர்களை டாக்டர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழத்தில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மூளையைத் தாக்கும் நச்சும் உண்டு. தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. சிறுநீரக நோயாளி அதில் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது.

ஜிம்முக்குப் போகிறேன், அப்பாவுக்கு கிட்னி பிரச்சினை. புரோட்டீன் பவுடர் எடுக்கலாமா?

முதலில் உங்கள் சிறுநீரையும், ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் சோதித்துவிடுங்கள். சிறுநீரக நோய் இருப்பது தெரிந்து, அது முற்றும் அபாயமும் இருந்தால், ஒரு கிலோ எடைக்கு 1.3 கிராமுக்கு மேல் புரதம் வேண்டாம் என்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. மூன்றாம் நிலையிலிருந்து 0.8 கிராம். முடிவு நார்மல் என்றால் இந்த வரம்பு உங்களுக்கு இல்லை, ஆனால் ஸ்கூப் எண்ணிக்கையை ஜிம் டிரெய்னரிடம் விட்டுவிடாதீர்கள்.

என்னென்ன டெஸ்ட் கேட்க வேண்டும்?

ஊரில் "கிட்னியில் உப்பு கூடிவிட்டது" என்பார்கள். அது சமையல் உப்பு இல்லை, யூரியாவும் கிரியாட்டினினும். அவை ஏறும்போது சிறுநீரகத்தின் திறனில் பாதி போயிருக்கும். அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் அல்புமின், கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மி.கி.க்குக் கீழ் இருப்பது வழக்கமான அளவு. கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் கேளுங்கள், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அது காட்டும். அது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட நோய் என்று அர்த்தம்.

எலக்ட்ரோலைட் டெஸ்ட் எழுதும்போது பைகார்பனேட்டும் சேர்த்துக் கேளுங்கள், பல ரிப்போர்ட்டில் சோடியமும் பொட்டாசியமும் மட்டும்தான் இருக்கும். பைகார்பனேட் 22க்கு மேல் இருந்தால் அமிலமே தேங்கவில்லை என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே திசுக்களில் அது தேங்கத் தொடங்கும் என்கிறது வெஸன் குழு.

எல்லா டெஸ்ட்டும் நன்றாக இருக்கிறது, சர்க்கரை மட்டும் உண்டு. எதில் ஆரம்பிப்பது?

சோற்றைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் பொரியலை வையுங்கள். அவரை, வெண்டை, புடலை, கோஸ், எது மலிவோ அது. பழம் என்றால் கொய்யா, முழுதாக, ஜூஸ் வேண்டாம். கறிக்குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமை கூட ஒரு கீரையைக் கடைந்துவிடுங்கள். கல் பிரச்சினை உள்ளவர்கள் பசலைக்கு பதில் ஆக்சலேட் குறைந்த காய்களைப் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்துப் பொட்டாசியத்தை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, அளவைக் கூட்டுவதா இப்படியே விடுவதா என்று அப்போது கேளுங்கள்.